ஜூன் மழையில் முதல் பள்ளிக்கூடம்: மும்பைத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையில் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே வாரம். அதனால் சென்னையிலோ கோவையிலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த அக்கா சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே செல்லாது. ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் எங்கள் பில்டிங்கிலும், தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நர்சரியில் இருந்து இரண்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகள்தான் கணக்கு. என் கட்சியை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: முதல் மாதம் பாடத்தை டீச்சரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் நாம் பார்க்க வேண்டியது பிள்ளையின் தூக்கமும், ஈரமும், யார் போய்க் கூட்டிவருவது என்பதும்தான்.

பள்ளி எப்போதுதான் திறக்கிறது? ஆளுக்கொரு தேதி சொல்கிறார்களே?

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் நடுவில், 15ஆம் தேதி வாக்கில் திறக்கும். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் கதை வேறு. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ புது வகுப்பைத் தொடங்கி, சில வாரம் நடத்தி, மே மாதம் லீவு விட்டு, ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தேதியை நம்பி ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

டிக்கெட் என்றதும் இன்னொன்று. 2024 நவம்பரில் இருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாள். ஜூன் 12 வாக்கில் ஊரிலிருந்து கிளம்ப நினைத்தால் ஏப்ரல் நடுவில், காலை எட்டு மணிக்குச் சரியாக உட்கார்ந்துவிட வேண்டும். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தில் இருந்து வரும் வண்டிகளில் அந்த வாரம் இடம் கிடைப்பது லேசல்ல. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ராத்திரி வந்து இறங்குகிற மாதிரி மட்டும் போடாதீர்கள். தாத்தா வீட்டில் பத்தரை மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு நம் வீட்டுப் பழக்கம் திரும்ப நாலைந்து நாளாவது வேண்டும்.

நவம்பரில் பிறந்த குழந்தை. இந்த ஜூனிலேயே நர்சரியில் போடலாம் என்கிறார்கள். போடலாமா?

விதிப்படி போடலாம். மகாராஷ்டிரத்தில் அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று நர்சரிக்கு 3 வயதும் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் நவம்பர், டிசம்பரில் பிறந்த குழந்தை ஜூனில் உள்ளே போகும்போது இரண்டரை வயதுதான் ஆகியிருக்கும். அதே வகுப்பில் ஜனவரிக் குழந்தை மூன்றரையை நெருங்கிக்கொண்டிருக்கும். அந்த வயதில் பத்து மாதம் என்பது பெரிய இடைவெளி. ஒன்று கதையே சொல்லும். இன்னொன்றுக்கு ஜட்டியைக் கீழே இறக்கத் தெரியாது.

என்னைக் கேட்டால், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஒரு வருஷம் பொறுக்கலாம். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், வேறு வழியில்லை என்றால் சேர்த்துவிடுங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. டயப்பரை மட்டும் மே மாதத்திலேயே விடப் பழக்குங்கள். வேலை மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்கள் கவனிக்க: கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். அங்கே மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

அப்பா வீடு திரும்பவே ஒன்பதரை. அதுவரை பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது. காலையில் எப்படி எழுப்புவது?

மும்பையில் அதிகம் வரும் கேள்வி இதுதான். அந்தேரியில் வேலை, டோம்பிவிலியில் வீடு என்றால் ஒன்பதரை ஆகத்தான் செய்யும். கதவு மணி அடித்ததும் பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடும். அப்புறம் பத்தரை, பதினொன்று.

3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12. ஏழு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரை, ஒன்பதுக்குள் படுத்தால்தான் இது நடக்கும். ஆகவே ராத்திரிச் சந்திப்பைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். குளிப்பாட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, சொசைட்டி கேட் வரை நடத்திக்கொண்டு போய் வேனில் ஏற்றுவது, எல்லாம் அப்பா வேலை என்று வைத்துவிட்டால், பிள்ளைக்கு அப்பாவுடன் முக்கால் மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும். ராத்திரி அவர் வரும்போது வீடு இருட்டாக இருக்கட்டும். முதல் நாலைந்து நாள் அப்பாவுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

நாலாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் காலை 9 மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று மாநில அரசு 2024 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட் நடத்தும் பள்ளிகளுக்கும் பஸ்காரர்களுக்கும் இது சிக்கலாகிப்போனது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடைமுறைக்கு வரவில்லை. சேர்க்கும் முன் நேரத்தைக் கேட்டுவிடுங்கள்.

வாசலில் விட்டதும் அழுகிறாள். எத்தனை நாள் இப்படி?

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கிவிடுவார்கள். ஆனால் அது நேர்கோட்டில் குறையாது. முதல் இரண்டு நாள் புது இடம், புது பொம்மை என்று சிரித்துக்கொண்டே போன பிள்ளை மூன்றாம் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறும். தினமும் வர வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அதற்குப் புரிந்திருக்கும். ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, மழை லீவுக்கு மறுநாள், காய்ச்சலில் இருந்து எழுந்த பிறகு, மறுபடி முதலில் இருந்து அழுகை. இதெல்லாம் வழக்கம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சொல்லாமல் நழுவாதீர்கள், திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால் அடுத்த நாள் புடவையை விடாது. "டப்பா சாப்பிட்டு, பாட்டுப் பாடி, ஷூ போட்டதும் அம்மா வந்துவிடுவேன்" என்று அதன் நாளை வைத்துச் சொல்லுங்கள். பன்னிரண்டரை மணி என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. சொன்னபடி வந்து நில்லுங்கள். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கும் அம்மாக்களைப் பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம். மாவ்ஷி (பள்ளி ஆயா) கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு அஞ்சே நிமிடத்தில் அழுகை நின்றதா என்று டீச்சரிடம் கேளுங்கள். நின்றால் கவலை இல்லை. ஒரு மாதம் தாண்டியும் வகுப்பில் மணிக்கணக்கில் அழுகிறது, சாப்பிடுவதில்லை, தூக்கத்தில் பயந்து எழுகிறது என்றால் டீச்சரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

வாசலில் சமர்த்தாகப் போய்விட்டு, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னதற்கு அரை மணி நேரம் புரண்டு அழும் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் அடக்கிவைத்ததெல்லாம் அப்போது வெளியே வரும். வந்தவுடன் "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று ஆரம்பிக்காமல், தண்ணீர், சாப்பாடு, மடி. கேள்விகளைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் தமிழ் மட்டும்தான். வகுப்பில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாதே?

நாலு வாக்கியம் போதும். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போகணும், வலிக்குது, டப்பா திறந்து கொடுங்கள். இந்த நாலையும் டீச்சர் பேசும் மொழியில், பெரும்பாலும் இங்கிலீஷிலும் இந்தியிலும், மே மாதத்தில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். 'சூ சூ' என்றால் இந்த ஊரில் எந்த மாவ்ஷிக்கும் புரியும். அப்புறம் டீச்சரிடம் போய், உங்கள் பிள்ளை பயன்படுத்தும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு பக்கம் டீச்சர்களுக்கு இது புதிதில்லை. பாதிப் பேருக்கு 'வலிக்குது' ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பள்ளிக்காக வீட்டில் இங்கிலீஷுக்கு மாறிவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். இந்தியை விளையாட்டு மைதானம் தீபாவளிக்குள் சொல்லிக்கொடுத்துவிடும். தமிழைச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் உங்களை விட்டால் ஆள் இல்லை.

மராத்தி, இந்தி, இங்கிலீஷ், வீட்டில் தமிழ். நாலு மொழி சின்னப் பிள்ளைக்குச் சுமை இல்லையா?

காதால் கேட்டுப் பேசுவதற்குச் சுமை இல்லை. தாராவியில் எந்தச் சந்தில் நின்றாலும் ஆறு வயதில் மூன்று மொழியில் சண்டை போடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் நாலு எழுத்து முறைகளை எழுதச் சொன்னால்தான் சுமை.

மராத்தி விஷயத்தில் உங்களுக்குத் தேர்வு இல்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்தில் எந்த வாரியப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். இந்தியை ஒன்றாம் வகுப்பிலேயே மூன்றாம் மொழியாகக் கொண்டுவர 2025 ஏப்ரலில் உத்தரவு வந்தது. எதிர்ப்பு வந்ததும் ஜூனில் திருத்தினார்கள். அந்த மாதம் 29ஆம் தேதி இரண்டு உத்தரவையுமே அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் பள்ளியில் எந்த மொழி எந்த வகுப்பில் தொடங்குகிறது என்பதை காலண்டரில், அதாவது பள்ளி கொடுக்கும் அந்தச் சின்னக் கையேட்டில், பாருங்கள். மராத்திக்கு நம் வீட்டில் உதவ ஆள் இல்லை என்று பயப்பட வேண்டாம். லிப்டில் பார்க்கும் பக்கத்து வீட்டு ஆஜியிடம் (மராத்திப் பாட்டியிடம்) பிள்ளையைத் தினமும் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். டியூஷனைவிட அது மேல்.

தமிழ் எழுத்தை ஒன்றாம் வகுப்பின் இரண்டாம் பாதிக்கு ஒத்திப்போடலாம். அதுவரை கதையும் பாட்டும் போதும். எழுதத் தொடங்கும்போது தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்களும் உண்டு. தமிழ்வழியிலேயே படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு: மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று.

டப்பாவில் என்ன வைப்பது? தயிர்சாதம் அப்படியே திரும்பி வருகிறது.

முதலில் டப்பாவைப் பாருங்கள். இறுக்கமான கிளிப் போட்ட டப்பாவை மூன்று வயதுக் கை திறக்காது. மே மாதத்தில் அதே டப்பாவில், அதே ஸ்பூனில், வீட்டில் தரையில் உட்கார வைத்து நாலு நாள் சாப்பிடவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஷார்ட் பிரேக் என்பது பதினைந்து நிமிடம். அதில் கை கழுவ வரிசையில் நிற்பதும் சேர்த்தி. எட்டு வாய்க்கு மேல் எதையும் வைக்காதீர்கள்.

ஜூன் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பிசைந்த தயிர்சாதம் பதினோரு மணிக்குப் புளித்துப் பொங்கிவிடும். சாதத்தைக் குழைய வடித்து, ஆறவைத்த பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். தேங்காய்ச் சட்னி இந்த நாலு மாதம் வேண்டாம். மிளகாய்ப் பொடியில் காரத்தைக் குறைத்து, நல்லெண்ணெயில் குழைத்து, குட்டி இட்லியின் இரண்டு பக்கமும் தடவி வைத்தால் கை அழுக்காகாமல் சாப்பிட்டுவிடும், ஸ்பூனே வேண்டாம். எலுமிச்சை சேவை, நெய் தோசையைச் சுருட்டி மூன்றாக வெட்டியது, கேழ்வரகு அடை, இவையும் தாங்கும்.

பல பள்ளிகள் வாராந்தரப் பட்டியல் கொடுக்கும்: திங்கள் போகா (அவல் உப்புமா), செவ்வாய் சப்பாத்தி, புதன் பழம் என்று. பட்டியலைச் சபிக்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும்போது நம் பிள்ளையும் சேர்ந்து சாப்பிடும். வீட்டில் தொடவே தொடாத போகாவைக் காலி செய்துவிட்டு வரும். முட்டை, மீன், கறி அனுமதி இல்லாத பள்ளிகள் இங்கே நிறைய, கேட்டுவிட்டு வையுங்கள்.

குடையா, ரெயின்கோட்டா? ஷூவுக்கு என்ன செய்வது?

சென்னையில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது சுமார் 1400 மில்லிமீட்டர். மும்பையில் ஜூலை ஒரே மாதத்தில் 800க்கு மேல் சாதாரணமாகப் பெய்யும். காற்றோடு சாய்வாகப் பெய்யும் அந்த மழையில் குடை பெரியவர்களுக்கே நிற்காது. பிள்ளைக்கு ரெயின்கோட்தான். முதுகில் பைக்கு இடம் விட்டு ஒட்டகத் திமில் மாதிரி புடைத்த கோட் கிடைக்கும், அதை வாங்குங்கள். முட்டிக்குக் கீழே இறங்கும் அளவாக, பொத்தான் இல்லாமல் ஜிப்போ ஒட்டும் பட்டையோ வைத்ததாக இருக்கட்டும். உள்பக்கம் பெயரை மார்க்கரில் எழுதுங்கள். வகுப்பில் அதே நீலக் கோட் ஏழெட்டாவது இருக்கும். கோட்டை வைக்க ஒரு தனிப் பிளாஸ்டிக் பை கொடுங்கள், இல்லையென்றால் சொட்டச் சொட்டப் புத்தகத்தோடு சேர்த்துத் திணித்துக்கொண்டு வரும்.

கறுப்பு லெதர் ஷூவை ஜூனில் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் சாக்ஸ் இல்லாமல் ரப்பர் செருப்போ பிளாஸ்டிக் ஷூவோ போட பெரும்பாலான பள்ளிகள் விடுகின்றன. அக்டோபருக்குள் கால் ஒரு சைஸ் வளர்ந்திருக்கும், அப்போது வாங்கலாம். கம்பூட்ஸ் பார்க்க அழகு. முழங்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே தண்ணீர் நிரம்பி, பிள்ளையால் காலைத் தூக்க முடியாது.

யூனிபார்ம் காயவே மாட்டேன் என்கிறதே?

மூன்று செட் வாங்குங்கள்; இரண்டு செட் மழைக்குப் போதாது. ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் கொடி கட்டி ஃபேனுக்கு அடியில் போட்டு, காலையில் இஸ்திரி போட்டால் மிச்ச ஈரமும் வாடையும் போய்விடும். மடிப்பும் இடுப்பு எலாஸ்டிக்கும்தான் கடைசியில் காயும், அங்கே தொட்டுப் பாருங்கள். ஈர எலாஸ்டிக்கோடு நாள் பூராவும் இருந்தால் இடுப்பில் படை வந்துவிடும்.

ஊரே தண்ணீரில் மூழ்கினால்? நாங்கள் இரண்டு பேரும் ஆபீசில் மாட்டிக்கொண்டால் பிள்ளை?

இந்தக் கேள்விக்கு மட்டும் முதல் மழைக்கு முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. ரயில் நின்றது, போன் நின்றது, ராத்திரி முழுவதும் பள்ளியிலேயே தங்கிய பிள்ளைகள் ஏராளம். அந்த அளவுக்கு மழை தினமும் வராது. ஆனால் இந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான், குர்லா பக்கம் தண்ணீர் தேங்கி மத்திய ரயில்வே வண்டிகள் தாமதமாவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. கடல் ஏற்றத்தில் நீர் மட்டம் நாலரை மீட்டருக்கு மேல் உயரும் நேரமும் கனமழையும் ஒன்று சேர்ந்தால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் ஊருக்குள் நின்றுவிடும். கடல் ஏற்ற நேரத்தை நாளிதழ்களே போடுகின்றன. காலையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு யார் சீக்கிரம் கிளம்புவது என்று முடிவு செய்யலாம்.

பள்ளியில் இருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு குடும்பத்தைப் பிடித்து வையுங்கள். உறவு வேண்டாம், மொழி வேண்டாம், நடை தூரம்தான் முக்கியம். அவர் படத்தையும் பெயரையும் எஸ்கார்ட் கார்டில், அதாவது பிள்ளையைக் கூட்டிப்போக யாருக்கு அனுமதி என்று பள்ளி வைத்திருக்கும் அட்டையில், சேருங்கள். அந்தக் கார்டில் இல்லாதவர் மாமனாரே ஆனாலும் வாட்ச்மேன் பிள்ளையை அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது. அவர்கள் பிள்ளைக்கு நீங்களும் அப்படியே நில்லுங்கள். பையின் அடியில் ஒரு உலர்ந்த சட்டை, டிரவுசர், ஒரு பிஸ்கட் பாக்கெட், உங்கள் இருவர் நம்பரும் எழுதிய அட்டை. அவசரத்துக்கு மாநகராட்சியின் 1916 எண். மிகக் கனமழை எச்சரிக்கை வந்தால் லீவு அறிவிப்பு பெரும்பாலும் முதல் நாள் ராத்திரியோ அன்று காலையோ வரும். சில சமயம் பிள்ளையை விட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகும் வரும். லீவு விடவில்லை, ஆனால் வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது என்றால் அனுப்பாதீர்கள். ஜூனியர் கேஜியில் ஒரு நாள் போகாததால் எந்தப் பாடமும் கெட்டுவிடாது.

வேனா, பஸ்ஸா?

பள்ளி பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்று மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு விதிகள் உண்டு. தனியார் வேனில் இதெல்லாம் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் காலையில் வேனுக்குள் எட்டிப் பார்த்து எத்தனை தலை என்று எண்ணுங்கள். முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில், பிள்ளைகளை அடுக்கியிருந்தால் வேறு வேன் பாருங்கள். சந்துக்குள் வீடு என்றால் பஸ் வராது, வேன்தான் கதி.

பள்ளி திறந்த மூன்றாவது வாரமே காய்ச்சல். கூட்டத்தில் விட்டதால்தானே?

ஆமாம். முதல் வருஷம் இப்படித்தான் ஓடும். ஜூலை, ஆகஸ்ட்டில் கை, கால், வாய் நோய் ஒரு வகுப்பில் நுழைந்தால் சுற்றிவிட்டுத்தான் போகும்: லேசான காய்ச்சல், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளி, வாய்க்குள் புண். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்க வேண்டாம். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிக்க மறுப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என்று எதையாவது கொடுத்துக்கொண்டே இருங்கள்; சிறுநீர் குறைந்தால் டாக்டரிடம் போங்கள். டீச்சருக்கும் சொல்லிவிடுங்கள். மறைத்து மறுநாள் அனுப்புகிறவர்கள்மேல்தான் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோருக்கும் கோபம், அது நியாயமும்கூட.

தேங்கிய தண்ணீரில் நடந்து வந்த பிள்ளையின் காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் சோப்பு போட்டுக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும். தடுப்பு மருந்து உண்டு. பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு டி.பி.டி. பூஸ்டர் போட்டாயிற்றா என்று இந்தச் சாக்கில் தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். 5-6 வயதில் போட வேண்டியது அது.

ஹோம்வொர்க்?

இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப் பாடமே கூடாது என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பை வழிகாட்டுதல். நர்சரி, கேஜிக்குப் பையே வேண்டாம், ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ வரை என்றும் அதில் இருக்கிறது. நடைமுறையில் ஒரு பக்கம் கொடுத்தார்கள் என்றால் பத்து நிமிடம் உட்காருங்கள். அதற்கு மேல் போனால் புத்தகத்தை மூடிவிட்டு டைரியில் "களைத்துவிட்டாள்" என்று எழுதி அனுப்புங்கள். எந்த டீச்சரும் இதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஊரில் இருந்து மாமியாரை வரவழைத்திருக்கிறோம். ஆனால் அவர் ஊட்டிவிடுகிறார், பள்ளியில் தானே சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஊட்டட்டும். சாயங்காலமும் ராத்திரியும் பாட்டி ஊட்டுவதற்கும், பகலில் பள்ளியில் தானே சாப்பிடுவதற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும். அறுபத்தைந்து வயதில் மொழி தெரியாத ஊருக்கு, பதினாலாவது மாடிக்கு, உங்களுக்காக வந்திருக்கிறார். அவரிடம் "அத்தை, காலையில் மட்டும் அவனே சாப்பிடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு வேளையை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஈரத் தரையில் வழுக்காத செருப்பும், கேட்டில் வாட்ச்மேனுக்கு அறிமுகமும் அவருக்கும் தேவை. பிள்ளையைக் கூட்டிவரும் வேலையைக் கனமழை நாளில் அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஆஷாடி ஏகாதசிக்கு வேஷம் போட்டு அனுப்பச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. அது என்ன, என்ன வேஷம்?

பண்டரிபுரத்து விட்டலனுக்கு வாரகரிகள் (விட்டல பக்தர்கள்) நடந்து போகும் யாத்திரையின் முடிவு நாள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வரும். நர்சரியிலும் கேஜியிலும் அன்று குட்டிகளை வரிசையாக நிறுத்தி, கையில் சிறு தாளம் கொடுத்து, பள்ளி வளாகத்தைச் சுற்றி வர வைப்பார்கள். பையனுக்கு வெள்ளைக் குர்தா, பைஜாமா, வெள்ளைத் தொப்பி, நெற்றியில் கோபிசந்தனம் போதும். நம் வீட்டுச் சின்ன வேட்டியே நன்றாகப் பொருந்தும். பெண்ணுக்கு ஒன்பது கஜம் தைத்தே கிடைக்கிறது, தாதர் கடைகளில் ஜூன் நடுவிலேயே தொங்கும். வாங்க மனமில்லை என்றால் மடிசார் கட்டத் தெரிந்த பாட்டி யாராவது பில்டிங்கில் இருப்பார். ஒரு பழைய பாவாடைத் துணியிலேயே கட்டிவிடுவார். தலையில் வைக்கத் துளசிச் செடி கேட்டால் பிளாஸ்டிக் தொட்டியாக வாங்குங்கள். நிஜத் தொட்டியின் மண் மழையில் கரைந்து முகத்தில் வழியும்.

விஜயதசமிக்கு முன்பே ஜூனில் பள்ளியில் சேர்த்துவிட்டோம். அட்சராப்பியாசம் செய்யாமல் எழுத ஆரம்பித்ததைப் பெரியவர்கள் குறை சொல்கிறார்கள்.

ஜூனில் நர்சரியில் நடப்பது கிறுக்கல்தான், எழுத்து இல்லை என்று சொல்லிச் சமாளியுங்கள். தசராவுக்குப் பள்ளி லீவு. மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துக் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. வீட்டிலும் செய்யலாம். தட்டில் பச்சரிசியைப் பரப்பி, தாத்தா மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்க வேண்டியதுதான். நாலு மாதம் பள்ளிக்குப் போன பிள்ளை என்பதால் அரிசியில் இங்கிலீஷ் 'ஏ' போட்டுக்காட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.